‘ஆஸ்க்ட்’ என்று யாரும் சொல்வதில்லை

கோமதியின் அழைப்பு வந்தபோது நான் மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். பேருந்து ஒன்று திருப்பத்தில் மாட்டிக்கொண்டு ஹாரன் அடித்தபடி இருந்தது. அந்த இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. “சொல்லுங்கோ கோமதி, சொல்லுங்கோ” என்று கத்தினேன். பேருந்து நகர்ந்த பிறகுதான் அவர் குரல் தெளிவாக வந்தது.

“அவுக போயிட்டாக மேடம். விடிகாலைல மூச்சு நின்னுபோச்சு.”

எதிர்பார்த்திருந்த செய்திதான். ஆனாலும் கையிலிருந்த கீரைக் கட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். கீரைக்காரம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, “இன்னாம்மா, கெட்ட சேதியா? சொந்தமா?” என்று கேட்டார். “கூட வேலை பார்த்தவர்” என்றேன். அது போதாத பதில் என்று எனக்கே தோன்றியது.

கோமதியின் கணவர் எங்கள் அலுவலகத்தில் பாண்டியன் சார். தியாகராய நகரில் ஒரு கால் சென்டரின் பயிற்சி மையத்தில் அவர் உச்சரிப்புக்கும் நான் இலக்கணத்துக்குமாகப் பல ஆண்டுகள் பக்கத்து அறைகளில் வகுப்பெடுத்தோம். அவரை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அமெரிக்காவிலிருந்து தொலைபேசியில் அழைப்பவர்களுக்குப் பதில் சொல்ல வரும் நம் பிள்ளைகளுக்கு, அந்த ஊர்க்காரர்கள் அன்றாடம் எப்படிப் பேசுகிறார்கள் என்று கற்றுக்கொடுப்பது அவர் வேலை. அதிலும் ஒரே சொல்லில் மூன்று நான்கு மெய்யெழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும் இடங்கள் அவருடைய தனி ராஜ்ஜியம்.

அவர் விருதுநகர்க்காரர். தமிழ்வழியில் படித்தவர். பெரியப்பா தியாகராய நகரில் பாத்திரக்கடை வைத்திருந்தார். கடையைப் பார்த்துக்கொள்ள வந்த பிள்ளை, மாலைக் கல்லூரியில் சேர்ந்து பட்டம் வாங்கி, கடையை விட்டுவிட்டுக் கால் சென்டரில் நுழைந்துவிட்டார். பெரியப்பா நெடுநாள் பேசவில்லையாம். முதல் வேலையிலேயே அடி விழுந்தது. ஒரு அமெரிக்க அம்மாளிடம் ஆறு மாதம் என்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருந்தது. இவர் ‘சிக்ஸு மந்துஸு’ என்றிருக்கிறார். அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. மறுபடி கேட்டார். இவர் இன்னும் அழுத்தமாகச் சொன்னார். பிறகு அந்த அம்மாள், வேறு யாரிடமாவது பேச முடியுமா என்று கேட்டார்.

“திட்டிருந்தாக்கூடப் பரவாயில்ல மேடம். ரொம்ப மரியாதையாக் கேட்டுச்சு. அதான் தாங்கல” என்பார்.

அன்றைக்குப் பதிவான அந்த உரையாடலை மதிய இடைவேளையில் அவர் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டிருக்கிறார். தன் குரலைக் கேட்கக் கூசியது. ஆனால் அந்த அம்மாளின் குரலில் ஒன்று பிடிபட்டது. அவரும் ‘மன்த்ஸ்’ என்று சொல்லவில்லை. ‘மன்ஸ்’ என்றுதான் சொன்னார். நடுவிலிருந்த எழுத்து அங்கே இல்லவே இல்லை. அதன் பிறகு பாண்டியன் சார் அந்த ஊர்க்காரர்கள் எதையெல்லாம் சொல்வதில்லை என்று கேட்க ஆரம்பித்தார். துணிமணிக்கு ‘க்ளோத்ஸ்’ என்று நாம் நாக்கை ஒடிக்கிறோம். அவர்கள் ‘க்ளோஸ்’ என்று போய்விடுகிறார்கள். ‘நெக்ஸ்ட் டே’ அவர்களுக்கு ‘நெக்ஸ் டே’. ‘ஃபேக்ட்ஸ்’ என்பது ‘ஃபேக்ஸ்’. ‘ஆஸ்க்ட்’ என்று யாருமே சொல்வதில்லை. ‘ஆஸ்ட்’ என்கிறார்கள்.

நான் மயிலாப்பூரில் கன்னியாஸ்திரீகளின் பள்ளியில் படித்தவள். எழுதியிருக்கும் எழுத்தையெல்லாம் சொல்லியாக வேண்டும் என்று ஸ்கேலால் அடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அவருடைய வகுப்பை முதன்முதலில் கேட்டபோது பதறிப்போய், “தப்பான்னா சொல்லிக் கொடுக்கறேள் சார்” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. “மேடம், உங்க ஆத்துல சமையலறைலருந்து கூப்பிட்டா, ‘வந்து கொண்டு இருக்கிறேன்’னா சொல்லுவீங்க?”

“வந்துண்ட்ருக்கேன்னு சொல்லுவேன்.”

“நாங்க வந்துட்ருக்கேன்னு சொல்லுவோம். ட்ரு! எழுதிக் காட்டினா எந்தத் தமிழ் வாத்தியாரும் ஒத்துக்க மாட்டாரு. ஆனா எல்லாரும் அப்படித்தான் பேசுறோம். அவங்க பாஷையை அவங்க சாப்பிட்டுட்டுப் பேசுறாங்க. நாமதான் இலையில வச்சதை எல்லாம் தின்னே ஆகணும்னு நினைக்கிறோம்.”

நான் இன்றைக்கும் எல்லா எழுத்தையும் சொல்கிறவள்தான். அவர் அதற்காக என்னைக் கேலி செய்ததில்லை. மதியச் சாப்பாட்டின்போது ஏதாவது ஒரு சொல்லை நடுவில் வைத்து வாதாடுவோம். எது விழும், எது விழாது என்பதில் அவருக்குக் கறாரான கணக்கு உண்டு. இரண்டு மெய்க்கு நடுவில் நிற்கும் ‘ட்’ உதிரும். அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் அதனோடு போய் ஒட்டிக்கொள்ளும். ஆனால் பன்மையைக் காட்டும் கடைசி ‘ஸ்’ மட்டும் உதிரவே கூடாது. “அதை விட்டீங்கன்னா ஆறு மாசம் ஒரு மாசமாயிரும்” என்பார். பிள்ளைகளிடம் அவர் அடிக்கடி சொன்னது இது: “நம்ம நாக்கு ரொம்ப இரக்கப்பட்ட நாக்கு. ஒரு மெய்யைத் தனியா நிக்க விடாது. உடனே ஒரு உயிரைத் துணைக்கு அனுப்பிரும். ஸ்கூலுக்கு முன்னாடி ஒரு இ. மில்க்குக்குப் பின்னாடி ஒரு உ. அந்த இரக்கத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க.”

ஊரூர் ஒல்காட் குப்பத்திலிருந்து மகாலட்சுமி என்றொரு பெண் பயிற்சிக்கு வந்தாள். கணக்கில் புலி. வாய் மட்டும் பயத்தில் இறுகிவிடும். ஒருநாள் வகுப்பில் மற்ற பிள்ளைகள் சிரித்துவிட, பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். “எனுக்கு வராது சார். நான் எங்கம்மா கூட மீன் விக்கப் போறேன்.”

பாண்டியன் சார் அவளை வாசலில் நிறுத்தினார். “போகலாம்மா. போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லு. படகு கரைக்கு வந்தா மேல எப்படிக் கொண்டு வருவாங்க?”

“கவுறு கட்டி இஸ்த்துக்கினு வருவாங்க.”

“வேகமாச் சொல்லு.”

“இஸ்த்க்கினு.”

“ஸ், த், க். நடுவுல இருந்த உகரத்தை எங்க போட்ட?” என்று கேட்டார். அவளுக்குப் புரியவில்லை. “மூணு மெய்யை ஒண்ணா நிக்க வச்சு, ஒரு உயிரைக்கூடத் துணைக்கு விடாமச் சொல்ற. இந்த வாய்க்கு ஆஸ்ட் வராதா?”

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். பிறகு பல ஆண்டுகள் அங்கேயே வேலை பார்த்து ஒரு குழுவுக்குத் தலைவியானாள்.

அவருக்கு நோய் வந்ததை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. கவனிக்க வழியில்லாமல் அது வந்தது. எழுத்துகளை எங்கே விடுவது என்று சொல்லிக்கொடுக்கிறவர், தானும் விட ஆரம்பித்திருந்தார். பிள்ளைகள் அதைத் தேர்ச்சி என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு பையன், “சார், இப்பல்லாம் நீங்க பேசறது அசல் அமெரிக்காக்காரன் பேசறாப்பல கீது” என்று சொல்லியிருக்கிறான். அன்று மதியம் அதை என்னிடம் சொன்னார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. “இத்தனை வருஷம் கழிச்சு வந்துருச்சு மேடம். நானா எதுவும் பண்ணல. தானா விழுது” என்றார். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. மெல்லுவதற்கு நேரமாகிறது என்றார்.

கண்டுபிடித்தது கோமதிதான். வேளச்சேரியில் அவர்கள் வீட்டுக்குப் போக இருவரும் ஆட்டோ பிடித்திருக்கிறார்கள். இவர் தண்டீஸ்வரம் என்று சொன்னது ஆட்டோக்காரருக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னார். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு கோமதியிடம், “இன்னாம்மா, சார் காலைலயே ஏத்திக்கினாரா?” என்று கேட்டார். பாண்டியன் சார் வாயில் மதுவை வைத்தறியாதவர். வீட்டுக்கு வந்த பிறகு கோமதி கணவரிடம் கேட்டார்.

“இங்கிலீசுல முழுங்கணும்னு சொல்லுவீக, சரி. தமிழையும் ஏன் முழுங்குறீக?”

அவர் சிரித்து மழுப்பியிருக்கிறார். ஆனால் அன்றிலிருந்து கோமதி உற்றுக் கேட்க ஆரம்பித்துவிட்டார். ‘ல’ போயிருந்தது. ‘ர’வும் ‘ட’வும் ஒன்றாகியிருந்தன.

அலுவலகத்திலும் பேச்சு கிளம்பியது. மேலாளர் என்னை அழைத்து, “பாண்டியன் சார் மதியத்துக்கு மேல குடிச்சிட்டு கிளாஸ் எடுக்கறாருன்னு புகார் வந்திருக்கு மேடம். உங்களுக்கு ஏதாவது தெரியுமா?” என்று கேட்டார். அவர் காபிகூடக் குடிக்கமாட்டார் என்றேன். மேலாளர் தலையாட்டினார். அடுத்த நாள் வாசலில் காவலாளி ஒரு கருவியை நீட்டி பாண்டியன் சாரை ஊதச் சொன்னார். அவரிடம் படித்த பிள்ளைகள் அடையாள அட்டையைக் காட்டியபடி வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் ஊதினார். கருவி ஒன்றும் காட்டவில்லை. “நல்லா ஊதுங்க சார், ஏமாத்தாதீங்க” என்றார் காவலாளி. மறுபடி ஊதினார்.

பிறகு என் அறைக்கு வந்து உட்கார்ந்தார்.

“ஊத முடியல மேடம்” என்றார். “உதடு சேர மாட்டேங்குது. காத்து ஓரமாப் போயிருது.”

அடையாறில் நரம்பு மருத்துவர் ஒருவரிடம் போனோம். “இங்கிலீசுலயே சொல்லிருவாக, எனக்கு விளங்காது, நீங்களும் வாங்க” என்று கோமதி கேட்டதால் நானும் போனேன். மருத்துவர் இளம்பெண். நாக்கை நீட்டச் சொன்னார். டார்ச் வெளிச்சத்தில் நானும் பார்த்தேன். அவர் அசைக்காமல்தான் வைத்திருந்தார். ஆனால் நாக்கின் மேல்தோலுக்கு அடியில் ஏதோ நெளிந்துகொண்டே இருந்தது, பைக்குள் புழுக்களைக் கட்டிவைத்ததுபோல. ‘ப, த, க’ என்று விடாமல் சொல்லச் சொன்னார். தினமும் வகுப்பு தொடங்குமுன் பிள்ளைகளுக்கு அவர் கொடுக்கும் பயிற்சி அதுதான். அவரைவிட வேகமாக அதைச் சொல்ல எங்கள் மையத்தில் ஆள் கிடையாது. அன்று மூன்றாவது சுற்றிலேயே ‘த’வும் ‘க’வும் கலந்து கூழாகிவிட்டன. அவரே நிறுத்திவிட்டார்.

பரிசோதனைகள் முடிந்து மறுபடி போனபோது மருத்துவர் மறைக்காமல் சொன்னார். தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாகும் நோய். முதலில் பேச்சு போகும், பிறகு விழுங்குவது, பிறகு கை கால், கடைசியில் மூச்சு. குணமாக்க மருந்தில்லை. பாண்டியன் சார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“காது?”

“காதுக்கு ஒன்றும் ஆகாது. மூளைக்கும் ஆகாது. கடைசிவரை எல்லாம் தெளிவாக இருக்கும்.”

நான் தமிழில் சொன்னபோது இந்தக் கடைசிப் பதில் கோமதிக்கு நல்ல சேதியாகப் பட்டது. “காது கேக்குமாம், புத்தி நல்லா இருக்குமாம்” என்று கணவரின் கையைத் தட்டினார். அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வகுப்பெடுக்க முடியாமல் போன பிறகு, பதிவான உரையாடல்களைக் கேட்டுத் தரம் பார்க்கும் வேலைக்கு அவரை மாற்றினார்கள். அதையும் நன்றாகவே செய்தார். அந்தச் சமயத்தில் நிறுவனம் ஒரு மென்பொருளைக் கொண்டு வந்தது. நம் பிள்ளை எப்படிப் பேசினாலும் அது வாடிக்கையாளரின் காதுக்கு அமெரிக்கக் குரலாக மாற்றி அனுப்பிவிடும். உச்சரிப்பு வகுப்புகள் நின்றன. பிறகு என் வகுப்பும் நின்றது. அந்த மென்பொருளின் குரலை அவர் கேட்டுக்கொண்டிருந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். அவருக்குப் பேச்சு பெரும்பாலும் போயிருந்தது. கைபேசியில் தட்டிக் காட்டினார்: “எல்லா மெய்யையும் சொல்லுது மேடம். மனுஷன் சொல்ல மாட்டான்.” நான் சிரித்தேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கை தூக்க முடியாமல் போனதும் அந்த வேலையையும் விட்டார்.

இந்த நோயாளிகளின் பழைய பதிவுகளை வைத்து அவர்கள் குரலையே செயலி ஒன்றில் உருவாக்கலாம், தட்டினால் கைபேசி அவர் குரலில் பேசும் என்று மகாலட்சுமி கேள்விப்பட்டு வந்து சொன்னாள். அலுவலகத்தில் அவருடைய வகுப்புப் பதிவுகள் குவிந்து கிடந்தன. அலைந்து வாங்கி வந்து அவளே எல்லாம் செய்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேளச்சேரி வீட்டில் நாங்கள் நால்வரும் உட்கார்ந்திருந்தோம். அவர் ஒற்றை விரலால் மெதுவாகத் தட்டினார். கைபேசி பேசியது. அவருடைய குரலேதான். ‘குட் மார்னிங் கோமதி, ஹௌ டிட் யூ ஸ்லீப்’ என்று, அவர் வகுப்பில் பேசும் அதே அமெரிக்க இழுப்போடு. வகுப்புப் பதிவுகள் எல்லாமே ஆங்கிலத்தில் இருந்தன. அந்தக் குரலுக்குத் தமிழ் தெரியாது.

கோமதி கைபேசியையும் கணவரையும் மாறி மாறிப் பார்த்தார். “இவுக என்கிட்ட இப்படிப் பேசுனதே கிடையாதே” என்றார். அவர் இன்னொரு வாக்கியம் தட்டினார். அது பேசி முடிப்பதற்குள் கோமதி எழுந்துவிட்டார்.

“அணைச்சிருங்க மேடம். யாரோ வெளியாளு வீட்டுக்குள்ள வந்து இவுக சட்டையைப் போட்டுக்கிட்டு உக்காந்த மாதிரி இருக்கு.”

அவருடைய தமிழ்க் குரலைத் தேடினோம். கல்யாண வீடியோவில் அவர் பேசவே இல்லை. அவர் யாருக்கும் குரல் செய்தி அனுப்புகிற வழக்கம் இல்லை, எல்லாம் தட்டச்சுதான். கடைசியில் விருதுநகரிலிருக்கும் தம்பியின் கைபேசியில் ஒன்று கிடைத்தது. “தம்பி, பஸ் ஏறிட்டோம். காலைல வந்துருவோம். அம்மாகிட்டச் சொல்லிரு.” அவ்வளவுதான். அந்த அளவை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்றாள் மகாலட்சுமி. இருபத்தைந்து ஆண்டு வாழ்க்கையில் கணவர் தன்னோடு பேசிய எதுவுமே எங்கேயும் இல்லை என்பது அப்போதுதான் கோமதிக்கு உறைத்தது. சமையலறைக்குள் போய்விட்டார். வெகுநேரம் தண்ணீர்க் குழாய் திறந்தே இருந்தது. பாண்டியன் சாருக்கு எல்லாம் கேட்டது. அவரால் எழுந்து போகவும் முடியவில்லை, கூப்பிடவும் முடியவில்லை.

அதன் பிறகு செயலியை யாரும் தொடவில்லை. குழந்தைகள் படிக்கும் எழுத்து அட்டை ஒன்றைக் கோமதி வாங்கி வந்தார். அவர் விரலால் காட்டுவார். விரலும் போன பிறகு, கோமதி ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக்கொண்டே போக, சரியான எழுத்தில் கண்ணை மூடித் திறப்பார். கொம்பையும் காலையும் தேடினால் ஒரு சொல்லுக்கே களைத்துப்போய்விடுவார். அதனால் ‘த, ண, ண’ என்றால் தண்ணீர். ‘வ, ல’ என்றால் வலிக்கிறது. உயிரையெல்லாம் கோமதி தானாகப் போட்டு வாசித்துக்கொள்வார். எத்தனை வேகமாக என்றால், நான் இரண்டாவது எழுத்தில் திணறும்போது அவர் தலையணையைச் சரிசெய்து முடித்திருப்பார்.

பிறகு அந்த மழை வந்தது. வேளச்சேரியில் கீழ்த்தளங்களுக்குள் தண்ணீர் புகுந்தது. அவர்கள் முதல் மாடி. மின்சாரம் போய்விட்டது. அப்போது அவர் மூச்சுக்கு இயந்திரம் வைத்திருந்தார்; அதன் பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தது. ஆம்புலன்ஸ் தண்ணீருக்குள் வர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மயிலாப்பூரிலிருந்து நான் யார் யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தேன். யாரும் எடுக்கவில்லை. மகாலட்சுமி எடுத்தாள். “நீங்க வையுங்க மேடம், எங்கண்ணன் கீறாரு” என்றாள்.

மீன்பிடிக்கிற அண்ணனின் ஃபைபர் படகைச் சின்ன லாரியில் ஏற்றி, தண்ணீர் தொடங்குமிடம்வரை கொண்டுபோய் இறக்கியிருக்கிறார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பேட்டரி நின்றுவிட்டிருந்தது. கோமதி அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து அவரை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தார். சாய்ந்தால் மூச்சு நின்றுவிடும். உதடு நீலம் பாய்ந்திருந்தது. நாற்காலியோடு தூக்கிப் படியிறக்கிப் படகில் வைத்தார்கள். இஞ்சின் போட முடியாத அளவுக்குக் குப்பையும் கம்பியும் மிதந்ததால் அண்ணன் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கயிற்றைத் தோளில் போட்டுப் படகை இழுத்துக்கொண்டு நடந்தார். பாண்டியன் சார் அந்தக் கயிற்றைப் பார்த்தார். பிறகு மகாலட்சுமியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். கண்ணைத் தவிர முகத்தில் அவரால் அசைக்க முடிந்தது அது ஒன்றுதான். அவளுக்கு முதலில் புரியவில்லையாம். புரிந்ததும், “ஆமா சார். இஸ்த்துக்கினு போறாரு” என்று சொல்லிவிட்டு மழையிலேயே அழுதிருக்கிறாள்.

தண்ணீருக்கு அப்பால் நின்ற ஆம்புலன்ஸில் ஏற்றி மருத்துவமனையில் சேர்த்தார்கள். அன்று பிழைத்தார். ஆனால் நெஞ்சில் சளி கட்டியது, பிறகு இறங்கவே இல்லை. வயிற்றில் குழாய் வழியாக உணவு. எச்சிலை விழுங்க முடியாது. அதை உறிஞ்சி எடுக்க ஒரு இயந்திரம். அந்தச் சத்தம் அந்த வீட்டில் எப்போதும் கேட்டுக்கொண்டே இருந்தது. பார்க்க வந்த பலருக்கு, பேசாதவருக்குக் காதும் கேட்காது என்று நினைப்பு. அவர் தலைமாட்டில் நின்றுகொண்டே, “இன்னும் எத்தனை நாள் இழுக்குமோ” என்று கோமதியிடம் கேட்டுவிட்டுப் போவார்கள். அப்படிக் கேட்ட உறவினர் ஒருவரைக் கோமதி வாசல்வரை கூட்டிக்கொண்டு போய், இனிமேல் வராதீர்கள் என்று சொல்லிவிட்டார். சத்தமில்லாமல்தான் சொன்னார்.

நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது போன வாரம். பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தேன். கபாலி கோயில் குளத்தில் தண்ணீர் நிரம்பியது, எங்கள் தெருவில் மெட்ரோவுக்காகப் பள்ளம் தோண்டிப் போட்டிருப்பது, இப்படி ஏதேதோ. நடுவில் அவர் கண்ணை மூடியதும் தூங்கிவிட்டார் என்று நிறுத்தினேன். அவர் கண்ணைத் திறந்து அட்டையைப் பார்த்தார். எடுத்துப் பிடித்தேன். க, ட, ட, ர, க, ன. எனக்குப் பிடிபடவில்லை. கோமதி துணி மடித்துக்கொண்டே வாசித்துச் சொன்னார்.

“கேட்டுட்ருக்கேன்.”

அவர் கண்ணை மூடித் திறந்தார். ஆமாம் என்று பொருள். நான் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். அதுதான் அவர் என்னிடம் சொன்ன கடைசிச் சொல்.

நேற்று மாலை பெசன்ட் நகர் மயானத்தில் அவரிடம் படித்தவர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். வேலைக்குப் போகும் வழியில் வந்தவர்கள், கழுத்தில் அடையாள அட்டையோடு. குழந்தைகள் இல்லாததால் தம்பிதான் எல்லாம் செய்தார். மயான அலுவலக ஜன்னலில் பெயரைப் பதிவு செய்யும்போது ஒரு சிக்கல் வந்தது. ஆதாரில் ஒரு மாதிரியும் மருத்துவர் சான்றிதழில் வேறு மாதிரியும் இருந்தது. “தங்கப்பாண்டியன்னு ஒண்ணுல கீது, தங்கையா பாண்டியன்னு ஒண்ணுல கீது. எதுப்பா கரெக்டு?” என்றார் உள்ளே இருந்தவர். தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்து உடைந்துபோய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். பின்னால் இன்னொரு ஊர்வலத்தின் பறைச் சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. “சட்டுன்னு சொல்லுங்க, அடுத்த பாடி வந்துடுச்சு.”

மகாலட்சுமியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த கோமதி முன்னால் போனார். அவர்கள் குடும்பத்தில் பெண்கள் கணவர் பெயரைச் சொல்வதில்லை. ரேஷன் கடையிலும் மருத்துவமனையிலும் பெயர் கேட்டால் அவர் பக்கத்தில் இருப்பவரைத்தான் பார்ப்பார். நானே பலமுறை அவருக்காகச் சொல்லியிருக்கிறேன். நேற்றும் சொல்லலாம் என்று ஓரடி வைத்தேன். அதற்குள் அவரே ஜன்னலருகே குனிந்தார்.

“தங்கப்பாண்டியன்” என்றார்.

பறைச் சத்தத்தில் உள்ளே இருந்தவருக்குக் கேட்கவில்லை. “இன்னாம்மா?”

“தங்கப்பாண்டியன்.” இந்த முறை ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகக் கேட்டது. எங்களுக்கெல்லாம் கேட்டது. உள்ளே இருந்தவர் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டார். கோமதி கம்பியிலிருந்து கையை எடுக்காமல் அவர் எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

சென்று வாருங்கள் பாண்டியன் சார். கோமதி தனியாக இல்லை. இந்த மாதம் முழுக்க மகாலட்சுமி வேளச்சேரி வீட்டில்தான் இருக்கப் போகிறாள். அதற்கப்புறம் நான்.